அம்மா மாட்டை அறுத்த மழைக்காலம்

அன்று காலையில் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா. கறக்க உட்கார்ந்தவள் எழுந்து வந்திருந்தாள். விரலில் விளக்கெண்ணெய் அப்படியே இருந்தது.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். கொட்டகை அவர் பேச்சில் நடந்தது.

புல்லுக்கார அக்கா. தலையில் புல்கட்டு. இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ரயில் கிராணி, ரயில் ஆபீசில் கணக்கு எழுதுபவர். பால் வாங்க வந்தவர், செம்போடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான். ஒன்பது வயது.

மயிலைப் பசு. செத்துக் கிடந்தது.

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு வருஷப் படிப்புதான். பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆற்றோரம் வரிசையாக மாட்டுக் கொட்டகைகள் இருந்ததைப் பார்த்தவர்கள் நாம். உங்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டுப் பாலைக் குடித்தவர்கள். ஒரு மழைக்காலத்தில் அது நின்றுபோய், வீட்டில் உங்களுக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தார்கள். ஏன் நின்றது என்று வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். நடந்தது இது.

பெரிய வெள்ளம் வடிந்த அடுத்த வருஷம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈயம் தோண்டிப் போட்டுவிட்டுப் போன குட்டைகள் இருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு அவற்றின் கரை முழுக்கப் புல். இடுப்பு உயரம். கையில் பிடித்தால் தண்ணீர் சொட்டும். அடித்தண்டில் கருப்பாகப் பொடி நத்தைகள் ஒட்டியிருக்கும். நான் அவற்றை உருவி எடுத்து விளையாடுவேன்.

பெரியப்பாவுக்கு அந்தப் புல்தான் வேண்டும். ரயில் மேட்டில் வெட்டிய சிறு புல்லைக் கொண்டுவந்தால் காலால் தள்ளுவார். "இது என்ன, தொடப்பமா? பச்சையாக் கொண்டா" என்பார். புல்லுக்கார அக்கா முட்டளவு தண்ணீரில் இறங்கி வெட்டிக்கொண்டு வருவாள். சேறாக இருக்கிறது என்று அம்மா அதை அலசிப் போடச் சொல்வாள். அக்கா அலசினாள், அதே குட்டைத் தண்ணீரில். எல்லாரும் மாட்டுக்கு நல்லது செய்தோம்.

ஐப்பசி பிறந்ததும் மாடுகள் இளைக்க ஆரம்பித்தன. தீனி தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. மயிர் சிலிர்த்து நிற்கும். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். பிறகு தாடைக்கடியில் தொங்க ஆரம்பித்தது. தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி குளுகுளு என்று இருக்கும். கழுத்துக் கயிறு இறுக்கிய வீக்கம் என்றார் பெரியப்பா. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்த வீக்கத்திலேயே சூடு போட்டார். மயிர் கருகின நாற்றம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். மாடு அவரை உதைக்கவில்லை. உதைக்க அதற்குச் சத்தில்லை. நல்லதாகிவிட்டது, அடங்கிவிட்டது என்றார்.

மூன்றாம் சூட்டுக்குப் பிறகு மயிலைப் பசு செத்தது.

"உன் புல்லுதான்," என்றார் பெரியப்பா, புல்லுக்கார அக்காவிடம். "என்னத்தக் கலந்த?"

"புல்லுல என்னத்தப் பெரியவரே கலக்க? உப்புப் புளியா?"

கிராணி சிரித்தார். பெரியப்பா திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

"மூணு கொட்டாய்ல மாடு இளைக்குது. மூணுக்கும் நீதான புல்லு போடுற?"

"ஆமா, மூணு கொட்டாய்லயும் நீங்கதான குட்டைப் புல்லு வேணும்னு கேட்டு வாங்குறீங்க?"

"வாய் பேசாத. இன்னையிலேருந்து இந்த வரிசையில ஒருத்தனும் உன்கிட்ட புல்லு வாங்கமாட்டான். நான் சொல்லிடுறேன்."

அவர் சொன்னால் வாங்கமாட்டார்கள். அக்காவுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். புல்தான் சோறு.

"அப்ப மாட்டோட வயித்தக் கிழிச்சுப் பாருங்க," என்றாள். "வெசம் இருந்தா அங்கதான இருக்கும்? இருந்தா என்னையும் இதோட சேத்துப் பொதைங்க."



எங்கள் ஆட்கள் மாட்டைக் கும்பிடுவார்கள், கறப்பார்கள். செத்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து முழுசாகப் புதைப்பார்கள். கத்தி வைக்கமாட்டார்கள். அறுத்த கை கறந்த பாலைச் சாமிக்கு வைக்கமாட்டார்கள், பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள். பாசாரில் இறைச்சி வெட்டும் பாயைக் கூப்பிட்டாலும் வரமாட்டார். தானாகச் செத்ததை அவர் மார்க்கத்தில் தொடக்கூடாது. கப்பல் ஏறுமுன் இருந்த ஊரில் இந்த வேலைக்கென்று ஒரு தெருவே வைத்திருந்தார்கள்.

பெரியப்பா அதைத்தான் சொன்னார். "நீயே அறுத்துப் பாரு. உங்க ஆளுங்க தொழில்தான?"

அக்கா அப்போதுதான் புல்கட்டைக் கீழே போட்டாள்.

"அந்தத் தொழில் வேணாம்னுதான் கப்பல் ஏறுனேன், பெரியவரே. புல்லு அறுப்பேன். மாட்ட அறுக்கமாட்டேன். என்னைக் கொன்னாலும் அறுக்கமாட்டேன்."

மழை பிடித்துக்கொண்டது. அத்தாப்பு ஓலைக் கூரையில் அதன் சத்தம் மட்டும்.

அம்மா முன்னால் வந்தாள். "அருவாளக் குடு அக்கா."

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனுக்கு அண்ணன், அது மரியாதை. சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்வாள். நான் இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்துச் சொல்வாள். அவரும் அப்படித்தான்.

"ஏ புள்ள, உங்கம்மாகிட்டச் சொல்லு," என்றார். "அந்தக் கையால கறந்த பால நாய்கூட நக்காது."

"தெரியும்னு சொல்லு," என்றாள் அம்மா.

"டேய், உன் பொண்டாட்டியப் புடிடா!"

அப்பா பேசாதவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மயிலை கன்றாக இருந்தபோது தாய் செத்துப்போய், அம்மா துணியை நனைத்துப் பால் ஊட்டி வளர்த்தாள். அப்பா தூணை விட்டுவிட்டு வந்து மாட்டின் பின்னங்காலைப் பிடித்தார்.

"அவ மாடு," என்றார்.

கிராணி செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். மயிலையின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அறுத்தாள். கோழி அறுத்துப் பழகிய கைதான். மாடு பெரிசு, அவ்வளவுதான். வயிற்றிலிருந்து தண்ணீர் ஒரு குடம் அளவு கொட்டியது, மோர்த்தண்ணி நிறத்தில். இரைப்பையைத் திறந்தாள். புல் இருந்தது. மென்ற புல், புளித்த வாசனை. வேறொன்றும் இல்லை.

"பாத்துக்கங்க," என்றாள் புல்லுக்கார அக்கா. 

அம்மா நிறுத்தவில்லை. ஆட்டு ஈரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. சுருங்கி, முண்டும் முடிச்சுமாக, மேலே வெள்ளை வெள்ளையாக வேர் ஓடியது போல இருந்தது. அரிவாளை வைத்து இழுத்தாள். கரகர என்றது. ஈரலுக்குள் சுண்ணாம்புக் குழாய். குழாயை அழுத்தினாள். உள்ளேயிருந்து பழுப்பாக இலைகள் வந்தன. வேப்பிலை அளவு. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டி வைத்த இலைகள்.

ஒரு இலை நீண்டது. பிறகு சுருங்கியது.

பெரியப்பா இரண்டு அடி பின்னால் போனார். அதற்குமுன் அவர் பின்னால் போய் நான் பார்த்ததில்லை.

ஈரலை மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, மேலே வாழையிலை வைத்துக் கட்டினார்கள். அப்பா கம்பிப் பிடியைப் பிடித்துக்கொண்டார். அம்மா, நான். மழையில் நடந்து டவுனில் சர்க்கார் மாட்டு டாக்டர் இருந்த மாட்டு ஆபீசுக்குப் போனோம். வாசலில் இருந்த பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இது ஆபீசு. பாசாரு அந்தப் பக்கம்."

"விக்க வரல," என்றாள் அம்மா. "காட்ட வந்தோம்."

உள்ளேயிருந்து மாட்டு டாக்டரின் உதவியாளர் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, காலில் சேறு.

"உதென்ன டின்னுக்குள்ள?"

அம்மா வாழையிலையை எடுத்தாள். அவர் குனிந்தார், மூக்கைப் பொத்தவில்லை. விரலால் ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான்."

"நீங்களோ?" அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். "இஞ்ச எத்தினை கொட்டிலுக்குப் போயிருக்கிறன் தெரியுமோ? வெட்ட விடமாட்டினம். வெளியில நிண்டு, அம்மை எண்டும் கண்ணூறு எண்டும் சொல்லுவினம். புல்லு எங்க வெட்டுறனீங்கள்?"

அம்மா சொன்னாள்.

"அதிலதான் வினை. தண்ணிக்குள்ள நத்தை கிடக்கு. இந்தப் புழு முதல் நத்தைக்குள்ள இருந்து, பிறகு புல்லில ஏறுது. புல்லோட மாட்டின்ர ஈரலுக்குப் போகுது. மேட்டுப் புல்லுப் போடுங்கோ. புல்லு வெட்டினவவில பிழையில்லை. வெட்டின இடம்தான் பிழை."

நான் உருவி விளையாடிய நத்தைகள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

மருந்து கொடுத்தார். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. வாசனை தலைக்கு ஏறியது. எண்ணெயில் கலந்து மூங்கில் குழாயால் ஊற்ற வேண்டும். எல்லா மாடும் தாங்காது, ஒன்றிரண்டு போனாலும் போகும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். அதுதான் முக்கியம்.

"மருந்து கொஞ்சம்தான் கிடக்கு. வீக்கம் எண்டு சொல்லி வாற எல்லாருக்கும் குடுக்கேலாது. ஈரலில புழுவைக் கண்ணால கண்டாத்தான் அந்தக் கொட்டிலுக்குக் குடுக்கலாம். அது துரையின்ர உத்தரவு. மற்றவைக்கும் சொல்லிவிடுங்கோ."

சொன்னோம். யாரும் கேட்கவில்லை.

நாங்கள் திரும்பி வருவதற்குள் பெரியப்பா கொட்டகை நடுவில் தட்டி கட்டிவிட்டார். எருமைகள் அவர் பக்கம், பசுக்கள் எங்கள் பக்கம். அவர் பக்கத்துக்கு வேறொரு புல்லுக்காரனை வைத்தார். அவனும் குட்டைக்கரையில்தான் வெட்டினான். அப்பா ஒரு தடவை தட்டிக்கு அருகில் போய், "அண்ணே, அந்தப் புல்லு வேணாம்" என்றார். பெரியப்பா அதே புல்லை உதறிப் போட்டார். அப்பா இரண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை.

மறுநாள் விடியலில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுக் கறந்தாள். நான் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு போனேன். உங்கள் வீடுகளுக்குத்தான். கதவுகள் ஒருக்களித்து இருந்தன. கிராணி வீட்டம்மா நல்லவர், முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம்மா. டின் பால் வாங்கிட்டோம்."

மற்றவர்கள் உள்ளேயிருந்தே சொன்னார்கள். ஒரு வீட்டில் என்னைப் பார்த்து, "கசாப்புக்காரி மக வந்துட்டா" என்று ஒரு பையன் கத்தினான். அவன் இப்போதும் இருக்கிறான். இதைப் படிப்பான். நல்லா இருக்கட்டும்.

கோயிலில் இருந்து ஆள் வந்தது. மொட்டை போட்டு, ஒரு மண்டலம் விரதம் இருந்து, அபிஷேகத்துக்குக் கொடுத்தால் தோஷம் போகும் என்றார்கள்.

"மாட்டச் சாகவிட்டதுக்கு யாரு மொட்டை போடுறா?" என்று அம்மா கேட்டாள். வந்தவர்கள் வெற்றிலைகூட வாங்காமல் போனார்கள்.

மருந்து ஊற்றினோம். ஒரு பசு தாங்கவில்லை. அம்மா உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். முடிந்ததும் எழுந்து அடுத்ததற்கு ஊற்றினாள். அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நாளுக்குப் பாலில் மருந்து வாசனை வந்தது, சாக்கடையில் ஊற்றினோம். வாசனை போன பிறகும் வாங்க ஆள் இல்லை. கன்றுகளுக்கு விட்டோம். அந்த வருஷத்துக் கன்றுகள் மாதிரிக் கொழுத்த கன்றுகளை அப்புறம் நான் பார்க்கவில்லை. நாங்கள் கஞ்சி குடித்தோம். புல்லுக்கார அக்கா ரயில் மேட்டில் ஏறி வெட்டிக்கொண்டு வந்து போட்டாள். காசு கேட்கவில்லை. அம்மாவும் இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லி அந்தக் கஞ்சியிலேயே ஊற்றினாள்.

கார்த்திகை பாதியில் தாடை வீக்கம் வடிந்தது. பெரிய மாடு ஒன்று அப்பாவை உதைத்தது. அப்பா கீழே விழுந்து கிடந்தபடி சிரித்தார். அவர் சிரித்ததையும் அந்த வருஷம்தான் பார்த்தேன்.

வரிசைக் கடைசியில் இருந்த கொட்டகைக்காரர்தான் முதலில் வந்தார். செத்த மாட்டை மஞ்சள் தெளித்து முழுசாகப் புதைத்துவந்தவர்களில் அவரும் ஒருவர். சட்டை போடாமல் மழையில் வந்து நின்றார்.

"தங்கச்சி, காலையில ஒண்ணு செத்துருச்சி. இன்னும் நாலு நிக்குது, தாடை தொங்குது. மருந்து கேட்டுப் போனேன். ஈரலக் கொண்டாங்கிறான்."

"அறுங்க."

"எனக்குக் கை வரல தங்கச்சி."

அம்மா அரிவாளை எடுக்கவில்லை. "அறுத்துக் குடுத்தா எனக்கு என்ன தருவீங்க?"

"என்ன வேணும் சொல்லு."

"புல்லு அக்காகிட்ட வாங்கணும். மேட்டுப் புல்லு. பழைய வெலைக்கு."

அவர் சரி என்றார். அம்மா போனாள். நான் டின்னை எடுத்துக்கொண்டேன். அவர்கள் கொட்டகையில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நான் திருப்பவில்லை. ஈயை விரட்டினேன்.

அப்புறம் அடுத்த கொட்டகை. அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். செந்தூலிலிருந்து ஒருவர் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார். கிள்ளான் ரோட்டில் எங்கோ ஒரு இடத்துக்கும் போனோம், பெயர் மறந்துவிட்டது. எல்லா இடத்திலும் அம்மா அதையேதான் கேட்டாள். புல்லுக்கார அக்காவுக்குக் கை போதவில்லை. கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள்.

ஈரல் எல்லாவற்றிலும் புழு இல்லை. ஒன்றில் இருந்ததாகச் சொல்லச் சொல்லி ஒருவர் கெஞ்சினார், மருந்துக்காக. அம்மா டின்னை அப்படியே கொண்டுபோய்க் காட்டச் சொன்னாள். "புழு அதுவா வந்து சொல்லும்."

ஒரு நாள் கிராணி வீட்டம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். கையில் செம்பு.

"ஏம்மா, உங்கம்மா இப்ப யாரு யாரு கொட்டாய்ல அறுக்குறாங்க?"

சொன்னேன்.

"அப்ப எல்லார் வீட்டுப் பாலும் ஒண்ணுதான். ஊத்து."

மற்ற கதவுகளும் அப்படித்தான் திறந்தன. உங்கள் வீட்டுக் கதவும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் எருமைகள் செத்துக்கொண்டிருந்தன. பெரியப்பா ஒவ்வொன்றையும் மஞ்சள் தண்ணீர் தெளித்து முழுசாகப் புதைத்தார். மருந்து கிடைக்கவில்லை. அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. சூடு போடுகிற நாற்றம் மட்டும் தட்டி இடுக்கில் வந்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் கறப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். அப்பா தட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் இல்லையா. இந்த ஊருக்கு இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்.

தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு மத்தியானம், பெரியப்பா எங்கள் பக்கம் வந்தார். சுற்றித்தான் வந்தார், தட்டியைப் பிரிக்கவில்லை. அம்மா சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்து நின்றார். தாடியில் வெள்ளை முளைத்திருந்தது. 

"ஏ புள்ள," என்றார். "எருமை ஒண்ணு செத்துருச்சின்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்.

"எருமைதான, பசு இல்லியே," என்றார் அவர், கூரையைப் பார்த்து. "எருமைய அறுத்தா தோசம் இல்லன்னு சொல்றாங்க."

"எருமைக்கும் ஈரல் ஒண்ணுதான்னு சொல்லு," என்றாள் அம்மா. சாணிக்கூடையை வைத்தாள். "புல்லு யாருகிட்ட வாங்குவாராம், கேளு."

அவர் தொண்டையைக் கனைத்தார். "அவகிட்டதான்."

"இங்க இல்ல. அக்காகிட்ட வந்து சொல்லணும். அன்னைக்குச் சொன்னதுக்கும் சேத்துச் சொல்லணும்."

நான் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டது. முகம் கறுத்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். அப்பா கையில் இருந்த கயிறு அசையவில்லை.

போகவில்லை. ரயில் மேட்டுப் பக்கம் நடந்தார். புல்லுக்கார அக்கா அங்கே வெயிலில் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் மேட்டில் ஏறி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எதுவோ சொன்னார். தூரம், எனக்குக் கேட்கவில்லை. அக்கா நிமிர்ந்து கேட்டாள். பிறகு கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கி வந்தாள். வந்து, தன் இடுப்பிலிருந்த அரிவாளை அம்மாவிடம் கொடுத்தாள். "நல்லாத் தீட்டியிருக்கேன், தாயி."

அம்மா எருமையை அறுத்தாள். தோல் தடிப்பு, நேரமாயிற்று. ஈரல் டின்னில் அடங்கவில்லை. புழு இருந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாட்டு ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மருந்தோடு வந்தார்கள்.

பெரியப்பா தன் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். அம்மா கையை நீட்டினாள். அவர் ஊற்றினார். அவள் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கை வெளுக்கும்வரை ஊற்றினார். அப்புறம் உயிரோடு நின்ற எருமை ஒன்றைக் காட்டி, மருந்து ஊற்றுவதற்கு முன் அதைக் கறக்கச் சொன்னார். அம்மா கறந்தாள். நுரை அடங்கவில்லை. அவர் ஒரு குவளை எடுத்து, கொட்டகை வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, நின்றபடி குடித்து முடித்தார்.

அந்தப் பருவத்தில் என் அம்மா அறுத்த மாடுகள், எருமைகளையும் சேர்த்து, பதினொன்று.